உள்பக்கக் கயிறு

வலது உள்ளங்கையில் கட்டியிருந்த தோல்பட்டை ஊசியின் முதுகைத் தள்ளியது. கித்தானுக்கு மறுபக்கம் காத்திருந்த இடது கையின் இரண்டு விரல்கள் அதைப் பிடித்து இழுத்தன. அங்குலத்துக்கு ஐந்து தையல். ஐந்து முடிந்ததும் கட்டைவிரல் நகம் தையலின் மேல் ஒரு முறை ஓடி, எங்காவது மேடு தட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டது. பிறகு நூலை மெழுகுக் கட்டியில் ஓர் இழுப்பு. மறுபடியும் ஊசி.

தார்ப்பாய்க் கடையில் மடியில் வைத்துத் தைக்கிற வேலை வருவதில்லை. லாரிக்கு மூடாக்கு, சந்தைக் கடைக்குக் கூரை, கட்டுமான இடத்தில் சிமெண்டு மூட்டைக்குப் போர்வை என்று வருவதெல்லாம் பெரியது. தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்து தைத்தபடியே நகர்ந்து போக வேண்டும். முப்பது வருடமாக அப்படி நகர்ந்து நகர்ந்து கடைக்கார அம்மாளின் முழங்கால் இரண்டும் காய்த்துப் போயிருந்தன. அன்றைக்கு மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சட்டை தைப்பதுபோல் தைத்துக்கொண்டிருந்தாள்.

வெங்காய மண்டிக்காரர் கடைவாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பொம்மை லாரிக்கா?"

"உங்க வெங்காயத்துக்குத்தான். ஒண்ணொண்ணுக்கும் தனித்தனியா."

"என் மண்டிக் கூரை என்னாச்சுன்னு கேக்க வந்தேன்."

"வரிசையில இருக்கு."

"வரிசை நகருதா?"

"நீங்க பேச்சுக் குடுத்தா நகராது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மூலையில் பித்தளை வளையங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் தலை நிமிரவில்லை. அந்தக் கடையில் வளையம் அவருடையது, தையல் அவளுடையது. அவரும் ஒருமுறை தைத்துப் பார்த்தார். அந்தத் தையல் போன போக்கைப் பார்த்த லாரி டிரைவர் ஒருவர், "இந்த வளைவுல நான் மூணாவது கியர்ல போவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு அவர் ஊசியைத் தொடுவதில்லை.

அவளுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது மாமனார் படுத்த படுக்கை. கடையில் கிழிந்த மூடாக்குகள் மலையாய்க் கிடந்தன. அவற்றில் நன்றாய் உழைத்திருந்த ஒன்றை எடுத்து, ஒரு தையல் விடாமல் பிரித்தாள். எங்கே இரட்டை மடிப்பு, எங்கே முடிச்சு, முனையில் நூல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பிரிக்கப் பிரிக்க மனதில் வாங்கிக்கொண்டாள். நாலு நாள் பிரித்தாள், பதினோரு நாள் திரும்பத் தைத்தாள். அதற்குப் பிறகு அவள் தைத்து ஒழுகியது என்று எவரும் திரும்பி வந்ததில்லை.

"முதலாளியம்மா," என்றார் கணவர். அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். "ரேடியோவில சொல்லிட்டான். பத்து நாளைக்கு மழை கிடையாது. தைரியமா ஊருக்குக் கிளம்பு."

"ரேடியோக்காரன் மூடின ரூமுக்குள்ள உக்காந்து சொல்றான். என் நூல் வெளியில கிடந்து சொல்லுது."

"என்ன சொல்லுது?"

"நேத்து வரைக்கும் ஊசிக் காதுல வழுக்கிக்கிட்டுப் போச்சு. இன்னைக்குக் காலையிலேருந்து உரசுது. ஊறிப்போயிருக்கு. வியாழக்கிழமை பெய்யும்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். வியாழக்கிழமைதான் அவள் நகரத்துக்குக் கிளம்ப வேண்டிய நாள்.

நகரத்தில் இருப்பவள் அவளுடைய அக்கா. இரண்டு பேருக்கும் ஐந்து வயது வித்தியாசம். அக்கா இருபத்தாறு வருடம் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். பதினேழாம் நம்பர் வண்டி. ரயிலடியில் கிளம்பி, பழைய பாலத்தைத் தாண்டி, சந்தை, பெரிய ஆஸ்பத்திரி, பூங்கா, நீதிமன்றம் என்று போய் நெசவாலை வாசலில் நிற்கிற வழி. இருபத்தாறு வருடமும் அந்த வழியை நின்றுகொண்டே பார்த்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்குத் தங்கைக்கு போன் போட்டுச் சொன்னாள்: "ஏய் சின்னவளே, நீ ஒரு தடவை வா. ரெண்டு பேரும் ஜன்னல் சீட்டைப் பிடிச்சு உக்காந்து பதினேழுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போவோம். நான் டிக்கெட் டிக்கெட்டா வித்த ஊரை நான் ஒரு தடவை உக்காந்து பார்க்கணும்."

வருகிறேன் என்றுதான் சின்னவளும் சொன்னாள். கோடைக் கடைசியில் வருகிறேன் என்றாள். அதில்தான் கோளாறு. கோடைக் கடைசி என்றால் மழைக்கு முந்தின மாதம். மழைக்கு முந்தின மாதம் என்றால் ஊரிலுள்ள ஓட்டைக் கூரையெல்லாம் அவள் கடை வாசலில் வந்து விழுகிற மாதம். வேலை ஓயட்டும், மழை இறங்கட்டும் என்று தள்ளிப் போடுவாள். மழை இறங்கிய பிறகு போன் பண்ணினால், "கொட்டுற மழையில எதைடி சுத்துறது, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பாள் அக்கா. இப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது. மழைக்கு முன்னால் தங்கைக்கு ஒழிவில்லை, மழைக்குப் பின்னால் அக்காவுக்கு மனசில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பழியை வானத்தின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

பத்தாவது வருடம் பக்கவாதத்தில் அக்காவின் இடது பக்கம் விழுந்துவிட்டது. கை பாதி திரும்பியது. கால் திரும்பவில்லை. இப்போது சக்கர நாற்காலி. பதினான்கு மாதமாக ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெங்கும் அவள் வெளியே போகவில்லை. "உக்காந்து பார்க்கணும்னு ஆசைப்பட்டேன் பாரு, நல்லா உக்கார வெச்சுட்டான்" என்று போனில் சிரித்தாள். சின்னவளால் சிரிக்க முடியவில்லை.

போன வாரம் இன்னொரு செய்தி வந்தது. அக்கா மகனுக்கு வேலை மாற்றல். இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு எல்லாரும் தூர ஊர் போகிறார்கள். அக்காவுக்கு அந்த நகரம் இன்னும் பதினைந்து நாள்தான். சாமான் கட்டுகிற நாட்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இந்த வியாழன், வெள்ளி, சனி.

போகிறது என்று முடிவு செய்தாள் சின்னவள். பெய்தாலும் சரி, காய்ந்தாலும் சரி. மழை என்று அக்கா சொல்வாள், அந்த வார்த்தைக்கே இடம் வைக்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு அக்காவின் மருமகளுக்கு ரகசியமாக போன் போட்டு நாற்காலியின் அளவு கேட்டாள்.

"அகலம் இருபத்திமூணு அங்குலம், சித்தி. உக்காந்தா தலை வரைக்கும் ஐம்பத்தோரு அங்குலம். அத்தை தூங்கும்போது எடுத்தேன்." மருமகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா சித்தி, மழை வெயிலெல்லாம் அத்தைக்குச் சாக்கு. போன மாசம் ஒரு நாள் வானம் அவ்ளோ தெளிவா இருந்துச்சு. வாங்க, முக்குக் கடை வரைக்கும் தள்ளிட்டுப் போறேன்னு கூப்பிட்டேன். காத்து அடிக்குதுன்னாங்க. ஒரு இலைகூட ஆடலை."

"பின்னே என்ன?"

"அந்த ரோட்டுல எல்லாருக்கும் அவங்களைத் தெரியுமில்ல. டிரைவருங்க, கடைக்காரங்க, தினம் ஏறினவங்க. நின்னு அதட்டின ஆளு இப்ப இப்படிப் போகணுமான்னு ஒரு தடவை அவங்களே சொல்லிட்டாங்க. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கலை."

சின்னவள் அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் கேட்டது காதோடு நின்றுவிட்டது. அவள் கைக்குத் தெரிந்ததெல்லாம் மழை ஒன்றுதான். பக்கத்துப் பட்டறையில் மெல்லிய அலுமினியக் கம்பி நாலு வளைத்து வாங்கினாள். குழந்தை வண்டியின் கூண்டுபோல் மடங்கி விரிகிற மாதிரி அவற்றைக் கோத்து, லேசான நீலக் கித்தானை வெட்டி, அந்தக் கூண்டுக்குச் சட்டை தைக்க ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது.

முடிந்த வேலையைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் அவள் கொடுப்பதில்லை. கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டாள்.

"ஏங்க, வந்து உக்காருங்க."

"நானா?"

"உங்க உசரமும் அக்கா உசரமும் ஒண்ணு."

"உங்க அக்காவுக்கும் எனக்கும் இருக்கிற ஒரே பொருத்தம் அதுதான்," என்று சொல்லிக்கொண்டே அவர் உட்கார்ந்தார்.

கூண்டை மாட்டினாள். நாலு மூலைக் கயிற்றையும் இழுத்து, நாற்காலிக் காலோடு சேர்த்து, லாரிக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டாள். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு அது. வெளியிலிருந்து வாலைச் சுண்டினால் மட்டும் அவிழும். ஒரு குடம், இரண்டு குடம் என்று ஆறு குடம் ஊற்றினாள். தண்ணீர் நீலத் துணியில் முத்து முத்தாய் உருண்டு ஓடியது. அந்த நேரம் பார்த்து முன்வாசலில் வெங்காய மண்டிக்காரரின் குரல். இதோ வருகிறேன் என்று போனவள், கூரை அளவு, ஓரப் பட்டி, எத்தனை வளையம் என்று அவரோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பி வரக் கால் மணி நேரம் ஆகிவிட்டது.

பின்பக்கம் நீலக் கூண்டு அசையாமல் நின்றது.

"உசுரோட இருக்கீங்களா?"

பதில் இல்லை.

"ஏங்க."

"சரக்கு பேசாது," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அவள் பதறிப்போய் முடிச்சைச் சுண்டினாள். உள்ளே அவர் வேர்த்துக் குளித்திருந்தார். சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஒரு சொட்டு வரலை. நீ தைச்சதாச்சே. காத்தும் வரலை, அது வேற." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ அங்க பேசினது கேட்டுச்சு. அவர் சிரிச்சது கேட்டுச்சு. தெருவில யாரோ சைக்கிள் மணி அடிச்சாங்க. எல்லாம் கேக்குது, எதுவும் தெரியலை. அவுக்கலாம்னு பார்த்தா கயிறு பூரா வெளியில. கட்டினது பொண்டாட்டிதானேன்னு தைரியமா உக்காந்திருந்தேன்."

அவள் கையிலிருந்த கயிற்று வாலைப் பார்த்தாள்.

"முதலாளியம்மா, நான் ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது. வெளியில இருந்து கட்டினா அது சரக்கு. உள்ள இருந்து கட்டிக்கிட்டாத்தான் ஆளு."

அவள் ஈரக் கித்தானை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்தாள். முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் முடிச்சு. நெல்லையும் சிமெண்டையும் இரும்பையும் மூடியிருக்கிறாள். மூடியது எதற்கும் வெளியே பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்ததில்லை. அந்தப் பழக்கத்தில் அக்காவையும் மூட்டையாகக் கட்டிவிட்டாளே. ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்பட்டவளுக்கு ஒரு ஜன்னல் வைக்கக்கூடத் தோன்றவில்லை. மருமகள் சொன்னது இப்போதுதான் காதிலிருந்து உள்ளே இறங்கியது. காற்று அடிக்கிறது என்று அக்கா சொன்னது காற்றைப் பற்றி இல்லை.

கத்திரிக்கோலை எடுத்தாள். கணவர் அதை எதிர்பார்க்கவில்லை.

"இன்னைக்குத்தானே முடிச்சே. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. மண்டிக்காரர் கூரை இன்னும் வெட்டவே இல்லை."

"தெரியும்."

"அவருக்கு மழைக்கு முன்னாடின்னு வாக்குக் குடுத்திருக்கே."

"அதுவும் தெரியும். அந்தக் கண்ணாடித் தாளை எடுங்க. கனமானது. மடிச்சா வெடிக்காதே, அது."

புதன்கிழமை பொழுது விடிந்ததிலிருந்து அவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. முன்னால் அகலமாக ஒரு ஜன்னல், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஜன்னலுக்கு மேலே, மழை உள்ளே சாயாமல் காற்று மட்டும் வர ஒரு மடிப்பு. ஒவ்வொரு ஜன்னலுக்கும் சுருண்டு ஏறுகிற ஒரு கித்தான் திரை. திரைகளின் கயிறு மூன்றையும் உள்பக்கமாகவே கொண்டுவந்து, வலது கை இருக்கிற இடத்தில் ஒரே வளையத்தில் சேர்த்தாள். அந்த வளையத்தைக் கணவர் மூன்று முறை தேய்த்து, விரல் வைத்துப் பார்த்து, முனை குத்தவில்லை என்று தெரிந்த பிறகுதான் கொடுத்தார். வெளிப்பக்கம் இருந்த நாலு கயிறும் போயின. அவற்றுக்குப் பதில் நாற்காலியோடு மாட்டிக்கொள்ள உள்ளே கொக்கி. ஒட்டுப்போட்ட இடமெல்லாம் மெழுகு தேய்த்துச் சூடு காட்டி, மறுபடியும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். நூல் இப்போது நன்றாகவே உரசியது. வானத்தில் வடக்கு மூலை கறுத்திருந்தது. ரேடியோக்காரன் அப்போதும் வெயில் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் மண்டிக்காரர் வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"வடக்கே பார்த்தீங்களா? இருநூறு மூட்டை வெட்டவெளியில கிடக்கு. என் கூரை எங்கம்மா?"

"இன்னும் தைக்கலை."

"தைக்கலையா?"

"தைக்கலை. நாளைக்கு நான் ஊருக்குப் போறேன். திங்கக்கிழமைதான் தொட முடியும்."

பன்னிரண்டு வருட வாடிக்கை. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அவர் கேட்டதில்லை.

"மழைக்கு முன்னாடின்னு சொன்னீங்களேம்மா."

"மழைக்கு முன்னாடி உங்க மூட்டையை மூடித் தரேன்னு சொன்னேன். மூடித்தான் தருவேன்." கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, ஏணியை எடுங்க."

கடை முகப்பில் நீண்டிருந்த கூரைத் துணியை இருவரும் கழற்றினார்கள். பதினெட்டு வருடத்துக்கு முன் அவளே தைத்தது. வருகிறவர்கள் நின்று பேசவும், புதுத் துணியை விரித்துக் காட்டவும், வெயிலில் அவளே உட்காரவும் நிழல் கொடுத்த துணி. தரையில் விரித்ததும் மண்டிக்காரர் கால் வைத்து அளந்தார். அவருக்கு வேண்டியதைவிட இரண்டடி பெரிதாகவே இருந்தது.

"இது உங்க கடைக்கூரை இல்லையா? உங்களுக்கு?"

"தைக்க ஆள் இல்லாத கடைக்கு நிழல் எதுக்கு? நாலு நாள் பூட்டித்தான் கிடக்கும். வந்து உங்களுதைத் தைச்சுக் குடுத்துட்டு இதை வாங்கிக்கிறேன்."

அவர் துணியின் ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் மடித்து வைத்திருந்த நீலக் கூண்டைப் பார்த்தார். "யாருக்கும்மா அது?"

"அக்காவுக்கு. ஊர் சுத்திக் காட்டப் போறேன்."

"மழையிலயா?"

"மழையிலதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் காலையில் தள்ளுவண்டியோடு கடைவாசலில் வந்து நின்றது அவர்தான். கூண்டு மூட்டையைப் பேருந்து நிறுத்தம் வரை தள்ளிக்கொண்டு வந்தார். "வெங்காயத்தைத் தவிர வேற எதையும் நான் சுமந்ததில்லை" என்று சொல்லிக்கொண்டே ஏற்றிவிட்டார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பேருந்துக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். எதிர் சீட்டில் இருந்தவர்கள் நாள் பார்த்துக் கிளம்பினோமே என்று நொந்துகொண்டார்கள். அவள் மூட்டையைக் காலோடு அணைத்துக்கொண்டு நீலத் துணியின் ஒரு மூலையை நகத்தால் தடவிக்கொண்டே வந்தாள். தையல் சரியாகத்தான் இருந்தது. அக்கா வருவாளா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அதை ஊற்றிப் பார்க்க எந்தக் குடமும் இல்லை.

அக்கா வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் வெளுப்பாகத் தெரிந்தன. கூடத்து ஜன்னலை ஒட்டிச் சக்கர நாற்காலியில் அக்கா. முடியை இழுத்துப் பின்னி, அந்த நாளில் வேலைக்குப் போகிறபோது போடுகிற கொண்டையாகவே போட்டிருந்தாள்.

"வந்துட்டியா சின்னவளே. தனியா வரக் கூடாதா? மழையையும் கையோட கூட்டிட்டு வந்திருக்கே."

"அதுக்கும் நான்தான் டிக்கெட் எடுத்தேன்."

அக்கா சிரித்து, நல்ல கையால் தங்கையின் ஈரத் தலையைத் துவட்டினாள். மருமகள் சூடாகக் குடிக்கக் கொண்டுவந்து வைத்தாள். வழியைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, கணவரின் வாயைப் பற்றிப் பேச்சு ஓடியது. டம்ளர் காலியானதும் சின்னவள் எழுந்தாள்.

"கிளம்பலாமா?"

"எங்கே?"

"பதினேழு போற வழியெல்லாம். வண்டி வேண்டாம். நான் தள்றேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பாரு எப்படி ஊத்துதுன்னு. நாளைக்கு விட்டா பார்ப்போம். ஊரு எங்கேயும் ஓடிப் போயிடாது."

"நீ போறியேக்கா."

மருமகள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு மெல்ல உள்ளே போனாள். சின்னவள் மூட்டையை அவிழ்த்து, கம்பிகளை ஒவ்வொன்றாக விரித்து, நீலக் கூண்டைத் தரையில் நிறுத்தினாள்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "இதென்னடி, லாரி குட்டி போட்டிருக்கா?"

"உனக்குத்தான். ஆறு குடம் ஊத்திப் பார்த்தாச்சு, உன் தங்கச்சி புருஷனை உள்ள வெச்சு."

"ஒழுகுச்சா?"

"அவர் வாய் மட்டும்தான்."

அக்கா சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். சின்னவள் மண்டியிட்டு உட்கார்ந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், துணியைப் பார்த்தே பேசினாள்.

"இது முன் ஜன்னல். இது ரெண்டும் பக்கத்து ஜன்னல். மூணுக்கும் திரை இருக்கு. கயிறு மூணும் உள்ளதான் வருது, உன் வலது கைகிட்ட. இந்த வளையம். இழுத்துக் கொக்கியில மாட்டினா திரை ஏறும். எதிர்ல வர்ற ஆளைப் பார்க்கப் பிடிக்கலையா, விட்டுடு, இறங்கிடும். அவங்க போனதும் இழுத்துக்கோ. வெளியில இருக்கிறவங்க யாராலயும் திறக்க முடியாது. தள்ளிக்கிட்டு வர்ற என்னாலயும் முடியாது. உன் கையிலதான்."

அக்கா குனிந்து, கைக்கு எட்டிய ஓரத்தைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தைத் தையலின் மேல் ஓட்டினாள். எங்கேயும் மேடு தட்டவில்லை. வளையத்தில் விரலைக் கோத்து ஒரு முறை இழுத்தாள். மூன்று திரைகளும் ஒன்றாக ஏறின. விட்டாள். இறங்கின. மறுபடியும் இழுத்தாள்.

"மழை நாள்ல சந்தை நிறுத்தத்துல தண்ணி தேங்கும்," என்றாள் அக்கா. குரலில் பழைய அதட்டல் கொஞ்சம் திரும்பியிருந்தது. "சக்கரம் மாட்டிக்கும். பூங்கா வழியா போ."

"சரிக்கா."

"குடு. நானே மாட்டிக்கிறேன்."

சின்னவள் கூண்டை மடக்கி, இரண்டு கைகளாலும் தூக்கி அக்காவின் மடியில் வைத்தாள்.